நான்காவது பிஸ்டன் உடைந்தது ஏன்? மாற்றியமைத்த சுபாரு இன்ஜினில் காரணம் தேடும் வழி

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில் ஓடும் 2011 சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ., உள்ளே 2.5 லிட்டர் ஈ.ஜே.257 இன்ஜின். மூன்று அங்குல டவுன்பைப்பும் முழு எக்ஸாஸ்ட்டும் போட்டு அதற்கேற்ப இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றும் ‘ஸ்டேஜ் 2’ ட்யூன் செய்தீர்கள். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஏர் இன்டேக்கை மாற்றினீர்கள். போன மாதம் குளிரான ஒரு இரவில், நாலாவது கியரில் முழுசாக மிதித்தபோது வண்டி ஒரு கணம் திக்கியது. செக் இன்ஜின் விளக்கு சிமிட்டியது, கோடு பி0304, அதாவது நாலாவது சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது. இப்போது ஐடிலில் நடுங்குகிறது, ஆயில் மூடியைத் திறந்தால் புகை வருகிறது. கம்ப்ரெஷன் மூன்று சிலிண்டர்களில் 140 முதல் 145 பி.எஸ்.ஐ., நான்காவதில் 75. ஒர்க்‌ஷாப்காரர் ட்யூனரைக் கைகாட்டுகிறார். ட்யூனர் பெட்ரோலைக் கைகாட்டுகிறார். புது ஷார்ட் பிளாக் (பிஸ்டன், கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்த இன்ஜின் அடிப்பாகம்) போட வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

ஷார்ட் பிளாக் வேண்டியிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு இன்றைக்கே பணம் கட்டாதீர்கள். ‘ரிங் லேண்ட் போய்விட்டது’ என்பது என்ன உடைந்தது என்பதற்கான பதில். ஏன் உடைந்தது என்று யாரும் இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் காரணம் காரிலேயே இருந்தால் புது இன்ஜினும் அதே வழியில்தான் போகும். காரணத்தைக் கண்டுபிடிக்க, உடைந்த பிஸ்டனைவிட உடையாத மூன்று பிஸ்டன்கள்தான் அதிகம் உதவும். ஏன் என்று விளக்குகிறேன்.

பிஸ்டனில் மேல் ரிங்கும் இரண்டாவது ரிங்கும் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே, வயல் வரப்பு மாதிரி ஒரு மெல்லிய பகுதி இருக்கிறது. அதுதான் ரிங் லேண்ட். ஈ.ஜே.257-இல் கம்பெனி போடும் பிஸ்டன் வார்ப்பு வகை, சிலிக்கான் அதிகம் கலந்த அலுமினியம். சிலிக்கான் கூடினால் பிஸ்டன் சூட்டில் குறைவாகவே விரியும், தேய்மானமும் குறையும். ஆகவே சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளியை நெருக்கமாக வைக்கலாம், காலையில் தட்டும் சத்தம் இல்லாமல் ஓடும். அதற்கு விலை, அந்த உலோகம் வளைந்து கொடுக்காது. அடி வாங்கினால் கீறல் விட்டு உடையும். அதோடு இந்த இன்ஜினின் போர் 99.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் வெறும் 79. இவ்வளவு அகலமான சிலிண்டரில் பிளக்கிலிருந்து கிளம்பும் தீ ஓரத்தைத் தொட நேரம் பிடிக்கும். அதற்குள் ஓரத்தில் எரியாமல் நிற்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே பற்றிக்கொண்டால் அதுதான் நாக். அதன் அழுத்த அலை மேல் ரிங்கைச் சுற்றியுள்ள இடுக்கில் போய் அடிக்கும், அந்த வரப்பு உடையும்.

இதில் நான்காவது சிலிண்டர் முதலில் போவது இந்த இன்ஜின் வைத்திருக்கும் எல்லாருக்கும் பழக்கமான கதை. கூலண்ட் ஓட்டம், எக்ஸாஸ்ட் அமைப்பு, பெட்ரோல் ரெயில் என்று அதற்குப் பல விளக்கங்கள் சொல்வார்கள். உங்கள் விசாரணைக்கு அந்த விவாதம் தேவையில்லை. நாலாவது சிலிண்டர் இந்தச் சங்கிலியின் பலவீனமான கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு தப்பு நடந்தாலும் முதலில் உடைவது அதுவே. அதில் மட்டுமே ஒரு தப்பு நடந்தாலும் உடைவது அதுவே. உடைந்த துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எது என்று சொல்ல முடியாது. மற்ற மூன்று பிஸ்டன்களிலும் அடி வாங்கின அடையாளம் இருந்தால் காரணம் பொதுவானது: ட்யூன், பெட்ரோல், பம்ப், பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்), ஏர் மீட்டர் (உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சர்). மற்ற மூன்றும் புதுசு போல இருந்தால் நாலாவது இன்ஜெக்டர், பிளக், காயில், அல்லது பிஸ்டனே.

சரி, இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது சில இருக்கின்றன.

முதலாவது, பேட்டரியைக் கழற்ற விடாதீர்கள், இ.சி.யு.வில் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) வேறு மேப் (ட்யூன் அட்டவணைகள்) ஏற்றவும் விடாதீர்கள். இதைத்தான் நான் அதிகமாக வலியுறுத்துவேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களின் சாட்சி இங்கேயேதான் அழிந்துபோகிறது. இந்த சுபாரு இ.சி.யு. நாக் பற்றித் தான் கற்றுக்கொண்டதை நினைவில் வைத்திருக்கும். பேட்டரி வயரைக் கழற்றினாலோ கோடுகளை ரீசெட் செய்தாலோ மேப்பை மாற்றி எழுதினாலோ அந்த நினைவு போய்விடும். ஓபன்போர்ட் கேபிளும் இலவசமாகக் கிடைக்கும் ரோம்ரெய்டர் மென்பொருளும் இருந்தால், சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே இதைப் படிக்கலாம்.

அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். டைனமிக் அட்வான்ஸ் மல்டிப்ளையர் என்ற எண் நல்ல நிலையில் 1 இருக்கும். அது கீழே இறங்கியிருந்தால், இன்ஜின் ஒரே ஒரு தடவை இல்லை, பரவலாகவும் தொடர்ந்தும் நாக் கேட்டிருக்கிறது, மொத்த இக்னிஷன் டைமிங்கையும் (ஸ்பார்க் விடும் நேரம்) இ.சி.யு. பின்னுக்கு இழுத்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது ஃபைன் லேர்னிங் அட்டவணை. எந்த ஆர்.பி.எம்.மில், எந்த லோடில் எத்தனை டிகிரி குறைத்திருக்கிறது என்று கட்டம் கட்டமாகச் சொல்லும். ஒரு கட்டத்தில் −1.4 இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். அதிக லோடு உள்ள கட்டங்களில் −4, −5 என்று கூட்டமாக இருந்தால் அது வேறு செய்தி. மூன்றாவது, நீண்டகால ஃப்யூயல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவில் இ.சி.யு. கற்றுவைத்திருக்கும் திருத்தம். ஏர் மீட்டர் கணக்குக்கும் உண்மைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை இது காட்டும். உங்கள் விஷயத்தில் நான் முதலில் பார்க்க விரும்புவது இதைத்தான். காரணம் கீழே சொல்கிறேன்.

டேங்கில் இருக்கும் பெட்ரோலில் ஒரு லிட்டரை மூடியுள்ள உலோக டப்பாவில் எடுத்து வையுங்கள். உங்கள் ட்யூன் 98 ஆக்டேனுக்கு (நாக்கைத் தாங்கும் பெட்ரோலின் தரம்) எழுதப்பட்டது. ‘பெட்ரோல் மோசம்’ என்று யாரும் சுலபமாகச் சொல்லலாம், டேங்கை மறுபடி நிரப்பிவிட்டால் இல்லை என்று நிரூபிக்க வழியே இருக்காது. என் அபிப்பிராயம், உண்மையிலேயே ஒரு டேங்க் மட்டமான பெட்ரோல் என்றால், அந்த இரவு முழுசாக மிதிப்பதற்கு முன்பே, கொஞ்சம் கொஞ்சம் பூஸ்ட் ஏறும் சாதாரண ஓட்டத்திலேயே இ.சி.யு. நாக் கேட்டு அந்த மல்டிப்ளையரை இறக்கியிருக்கும். அது இன்னும் 1-லேயே நிற்கிறது என்றால் பெட்ரோல் மேல் பழி போடுவது கஷ்டம்.

பிளக் நான்கையும் எந்த சிலிண்டருடையது என்று எழுதித் தனித்தனியாக வையுங்கள். வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவினது போலக் கரும்புள்ளிகளோ, மினுமினுக்கும் பொடிப்பொடி அலுமினிய உருண்டைகளோ இருந்தால் அது நாக்கின் கையெழுத்து. அலுமினியம் பிஸ்டன் தலையிலிருந்து வந்தது. நாலாவதில் மட்டுமா, எல்லாவற்றிலுமா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரெஷன் 75 என்றதும் ரிங் லேண்ட் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எரிந்துபோன எக்ஸாஸ்ட் வால்வு இருந்தாலும் இதே 75 வரும். லீக்டவுன் டெஸ்ட் செய்தார்களா? சிலிண்டரை டி.டி.சி.யில் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) நிறுத்தி உள்ளே காற்று ஏற்றிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆயில் மூடி வழியாகச் சீறினால் ரிங் பக்கம், சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் சீறினால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். ஆயில் மூடியில் புகை வருகிறது என்று நீங்கள் சொல்வதால் ரிங் பக்கம்தான் என்று ஊகிக்கிறேன், ஆனாலும் பத்து நிமிடத்தில் ஊர்ஜிதமாகும் விஷயத்தை ஊகத்தில் விட வேண்டாம். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி கம்ப்ரெஷன் பார்ப்பது நேராக நிற்கும் இன்ஜினுக்குச் சரி. இது படுத்திருக்கும் பாக்ஸர் இன்ஜின், ஊற்றிய ஆயில் சிலிண்டரின் கீழ்ப்பக்கம் ஓடித் தேங்கிவிடும், வரும் எண்ணை நம்ப முடியாது.

கடைசியாக ஆயில் ஃபில்டர். அதை வெட்டி மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் வெள்ளையாக மினுங்கினால் பிஸ்டன் அலுமினியமோ பேரிங்கின் மேல்பூச்சோ, செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் அடி அடுக்கு வரை தேய்ந்துவிட்டது. செம்பு தெரிந்தால் கதை பிஸ்டனோடு நிற்கவில்லை.

இனி பிரிக்கலாம். பிரிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், முடியாவிட்டால் எதையும் கழுவுவதற்கு முன் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிஸ்டன் தலையில் படிந்திருக்கும் கரியில்தான் பாதிக் கதை இருக்கிறது. பார்ட்ஸ் வாஷரில் போட்டுப் பளபளவென்று கொண்டுவந்து காட்டினால் அதில் படிக்க எதுவும் மிஞ்சாது.

நாக் என்றால் பிஸ்டன் தலையின் ஓரங்களில், மணல் பீய்ச்சி அடித்தது போலச் சொரசொரப்பு இருக்கும். கனெக்டிங் ராட் பேரிங்கில் மேல் பாதி, அதாவது ராட் பக்கத்துப் பாதி, அடித்து நசுக்கியது போலப் பளபளக்கும். கீழ்ப்பாதி நன்றாகவே இருக்கும், ஏனென்றால் வெடிப்பின் அடி விழுவது மேல் பாதியில். இந்த இரண்டு அடையாளமும் மற்ற மூன்று சிலிண்டர்களிலும் லேசாகவாவது இருந்தால் பொதுக் காரணம் என்று அடித்துச் சொல்லலாம்.

பிஸ்டன் தலையின் நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தாலோ, பிளக்கின் எலெக்ட்ரோடே காணாமல் போயிருந்தாலோ அது ப்ரீ-இக்னிஷன். ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே ஏதோ ஒரு தணல் கலவையைப் பற்றவைத்திருக்கிறது. நாக் மாதக்கணக்கில் அரிக்கும், ப்ரீ-இக்னிஷன் சில விநாடிகளில் வேலையை முடித்துவிடும். காரணமும் பெரும்பாலும் வேறு: இன்ஜினுக்கு மிஞ்சின சூடான பிளக், சரியாக இறுக்காத பிளக், தணலாக நிற்கும் கரி. எஸ்.டி.ஐ.யின் கம்பெனி பிளக் என்.ஜி.கே. வெப்ப எண் 6. பூஸ்ட் ஏற்றியவர்கள் ஒரு படி குளிர்ந்த 7-க்குப் போவது இதனால்தான்.

ஆயில் பட்டினி வேறு முகம் காட்டும். ராட் பேரிங், மெயின் பேரிங் எல்லாவற்றிலும் இரண்டு பாதியும் தேய்ந்து, ஷாஃப்ட் நீலம் பூத்திருக்கும், கேம் ஷாஃப்ட் உட்காரும் இடங்களிலும் கோடு விழுந்திருக்கும். அப்படி இருந்தால் சம்ப்பைக் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) கழற்றி, அதிலிருந்து ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயைப் பாருங்கள். இந்த இன்ஜினில் அது பற்றவைப்பு இடத்தில் கீறல் விட்டுக் காற்றை உறிஞ்சுவது தெரிந்த நோய்.

குழப்பும் ஒன்று உண்டு. ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் விட்ட இடைவெளி போதாமல் இருந்தால், சூட்டில் ரிங் விரிந்து முனைகள் ஒன்றையொன்று முட்டும், ரிங் சிலிண்டரில் இறுகி ரிங் லேண்டை மேலே பெயர்த்துவிடும். பார்வைக்கு நாக் உடைத்தது போலவே இருக்கும். ஆனால் பிஸ்டன் தலை ஓரம் சுத்தமாக இருக்கும், ரிங்கின் முனைகள் மட்டும் தேய்த்த வெள்ளி போல மின்னும். உங்கள் இன்ஜின் இதுவரை திறக்கப்படாதது, ஆகவே உங்களுக்கு இது பொருந்தாது. நாளைக்கு ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போட்டுக் கட்டும்போது பொருந்தும். ரிங் இடைவெளியை எவ்வளவு வைத்தார்கள் என்று அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் குறைந்த ஆர்.பி.எம்.மில் வரும் ப்ரீ-இக்னிஷன் பற்றி யாராவது உங்களிடம் பேசியிருக்கலாம். ஆயில் டப்பாக்களில் 2018-இல் ஏ.பி.ஐ. எஸ்.என். ப்ளஸ், 2020-இல் எஸ்.பி. என்ற தரங்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் ஈ.ஜே.257-இல் பெட்ரோல் இன்டேக் போர்ட்டில் தெளிக்கப்படுகிறது. அந்தத் திசையில் தேட வேண்டாம்.

இப்போது என் சந்தேகம். நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் சொன்ன அந்த ஏர் இன்டேக்.

இந்தக் காரில் இ.சி.யு. காற்றை அளப்பது மாஸ் ஏர் ஃப்ளோ சென்சர் வழியாக. சென்சர் குழாயின் நடுவில் ஒரு சின்ன இடத்தில் ஓடும் காற்றைத்தான் உணர்கிறது, குழாய் எவ்வளவு அகலம் என்று அதற்குத் தெரியாது. அந்த அகலத்துக்கு ஏற்ற கணக்கு ட்யூனில் எழுதியிருக்கும். நீங்கள் இன்னும் அகலமான குழாய் போட்டால் அதே அளவு காற்று மெதுவாக ஓடும், சென்சர் காற்று குறைவு என்று சொல்லும். இ.சி.யு. அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். அதோடு நிற்காது. காற்று குறைவு என்றால் லோடு குறைவு என்று அர்த்தம். குறைந்த லோடுக்கு இக்னிஷன் டைமிங்கை முன்னுக்குத் தள்ளலாம் என்று அட்டவணை சொல்லும். ஆக, பெட்ரோலும் குறைவு, டைமிங்கும் அதிகம். நாக் வரவழைக்க இதைவிட நேர்வழி இல்லை.

‘எட்டு மாதம் நன்றாக ஓடியது’ என்கிறீர்கள். அந்த எட்டு மாதமும் பழைய இன்டேக் அல்லவா? ‘இன்டேக் போட்ட பிறகும் தினசரி நன்றாகத்தான் ஓடியது’ என்பீர்கள். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சர் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும், அதனால் ஒன்றும் தெரியாது. முழுசாக மிதிக்கும்போது அந்த உடனடித் திருத்தம் நின்றுவிடும். கற்றுவைத்த ட்ரிம்மின் கடைசிப் பகுதி மட்டும் அப்படியே சேர்க்கப்படும். அது அந்த அளவு காற்றோட்டத்தில் சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த இன்ஜினில் முழு பூஸ்ட்டில் ஏர்-ஃப்யூயல் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று) 11 அல்லது 11.5 பக்கம் இருக்க வேண்டும். 12.5 ஆனால் காருக்குள் இருப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பிஸ்டனுக்குத் தெரியும். நீண்டகால ட்ரிம்மில் +10, +15 சதவீதம் இருந்தால் எனக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிட்டது. பழைய குழாயையும் புதுக் குழாயையும் சென்சர் உட்காரும் இடத்தில் கேலிப்பர் வைத்து அளந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

அந்தக் குளிர் இரவும் இதில் ஒரு சாட்சி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. எக்ஸாஸ்ட்டை அகலமாகத் திறந்த காரில் கம்பெனி டர்போவின் வேஸ்ட்கேட் (மிஞ்சிய எக்ஸாஸ்ட்டை டர்போவைச் சுற்றி வெளியே விடும் கதவு) துவாரம் போதாமல் போனால், உயர் ஆர்.பி.எம்.மில் பூஸ்ட் குறி வைத்த அளவைத் தாண்டி ஏறும். கோடையில் ட்யூன் செய்து சரியாக இருந்த வண்டி குளிர்காலத்தில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட ஏறுவது நடக்கிற விஷயம்தான். பழைய லாக் ஏதாவது போனில் இருந்தால் 5,500 ஆர்.பி.எம்.முக்கு மேல் பூஸ்ட் கோடு கீழே வளைகிறதா, மேலே போகிறதா என்று பாருங்கள். இன்ஜெக்டர் ட்யூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரப் பங்கு) 90 சதவீதத்தைத் தாண்டியதா என்பதையும் அதே லாக் சொல்லும்.

மற்ற மூன்றும் சுத்தமாக இருந்தால் என் சந்தேகம் தப்பு. அப்போது நான்கு இன்ஜெக்டர்களையும் ஃப்ளோ பெஞ்சில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுத்தம் செய்வதற்கு முன்பாக அளக்க வேண்டும். சுத்தம் செய்துவிட்டு அளந்தால் நான்கும் சமமாகத்தான் வரும்.

காரணத்தைத் தேடாமல் கட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த ஒருவருடைய காரில் பார்த்தேன். இதே இன்ஜின், இதே நாலாவது பிஸ்டன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கட்டிக் கொடுத்தார்கள். நாலே மாதத்தில் ராட் பேரிங் போனது. அந்த முறை பிரிக்கும்போது நானும் கூட நின்றேன். நான்கு ராட் பேரிங்கிலும் மேல் பாதி நசுங்கியிருந்தது, கீழ்ப்பாதி முழுசாக இருந்தது. நாக் நிற்கவே இல்லை. ஃபோர்ஜ்டு பிஸ்டன் வளைந்து கொடுத்துத் தாங்கியது, அடி பேரிங்குக்குப் போனது. கடைசியில் காரணம் பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரிங்கில் அரித்துப்போன ஒரு கனெக்டர். முழு லோடில் பம்புக்கு 11 வோல்ட்கூடப் போகவில்லை. இரண்டு இன்ஜின் செலவு செய்த பிறகுதான் யாரோ மல்ட்டிமீட்டரை எடுத்தார்கள். அந்த மனிதர் காரை விற்றுவிட்டார். இன்றைக்கும் எனக்கு அது மனசு ஆறவில்லை.

புது ஷார்ட் பிளாக் போடும் நாள் வரும்போது, பழைய ஆயில் கூலரைக் கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதன் உள்மடிப்பில் சிக்கிய உலோகத்தூள் முழுசாக வெளியே வராது. கூலர் புதிது, பிக்கப் குழாய் புதிது. டர்போவுக்கும் கேம் டைமிங் அமைப்புக்கும் போகும் ஆயில் குழாய்களின் பான்ஜோ போல்ட்டுக்குள் (ஆயில் உள்ளே ஓடும் துளையுள்ள போல்ட்) இருக்கும் சின்ன வடிகட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும், இன்டர்கூலரில் சேர்ந்த ஆயிலைக் கழுவ வேண்டும். ஆயில் ஆவி இன்டேக்கில் கலந்தால் ஆக்டேன் தரம் இறங்கும், அதுவே நாக்குக்குத் துணை போகும்.

யார் செலவை ஏற்பது என்ற சண்டையை இப்போது தள்ளிப்போடுங்கள். இன்டேக் மாற்றியதை ட்யூனரிடம் சொன்னீர்களா, அவர் ‘ஓட்டலாம்’ என்றாரா என்பது அதில் முக்கியமாக வரும், அந்தச் செய்திகள் போனில் இருந்தால் அழிக்காதீர்கள். முதலில் எனக்கு வேண்டியது நான்கு: ஃபைன் லேர்னிங் அட்டவணையும் ட்ரிம்மும் தெரியும் திரையின் படம், நான்கு பிளக்குகளின் கிட்டப் படம், இரண்டு இன்டேக் குழாய்களின் அளவு, லீக்டவுனில் காற்று எங்கே சீறியது என்பது. இவற்றை அனுப்புங்கள். அதுவரை அந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பக்கத்துத் தெருவுக்கு நகர்த்தக்கூட வேண்டாம், உடைந்த துண்டு சிலிண்டர் சுவரைக் கீறினால் பிளாக்கும் போய்விடும்.